உடற்கல்வி வகுப்புக்கு ஆண்டு முழுவதும் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது, படிவம் 1. தமிழ்ப்பள்ளியில் இருந்தவரை குறுக்கோட்டத்தில் முதல் பத்துப் பேருக்குள் வருவாள். இடைநிலைப்பள்ளிக்குப் போனதிலிருந்து, உடற்கல்வி இருக்கும் நாளில் பள்ளிக்கே போகமாட்டேன் என்கிறாள். பெரிய மனுஷியாகிப் பத்து மாதம் ஆகிறது. முதலில் வலி இல்லை. இப்போது முதல் இரண்டு நாள் சுருண்டு படுத்துவிடுகிறாள். ஓடும்போது நெஞ்சைப் பார்த்துப் பையன்கள் சிரிக்கிறார்களாம். செகாக் என்ற பள்ளி உடல்தகுதிச் சோதனையில் அவள் எடையை (150 செ.மீ., 49 கிலோ) வகுப்பே கேட்க வாசித்ததில் 'குண்டு' என்று பெயர் விழுந்துவிட்டது. பெண்பிள்ளைகள் மட்டும் முட்டி ஊன்றித் தண்டால் எடுப்பதற்கும் கேலி. ஆசிரியர் ஆண். வயசுக்கு வந்த பிள்ளை குதித்தால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று என் மாமியார் வேறு சொல்கிறார். டாக்டரிடம் எம்.சி. வாங்கி, இந்த வருடம் முழுக்க விலக்குக் கேட்டுவிடலாமா?
— ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்

பதில்:

அன்புச் சகோதரி,

ஆண்டு முழுவதற்கும் எம்.சி. வாங்காதீர்கள். உங்கள் கடிதத்தில் மருத்துவம் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மாதவிடாய் வலி. அதற்கு நல்ல மருந்து இருக்கிறது. மீதியெல்லாம் உடை, உடை மாற்றும் இடம், எடை பார்க்கும் முறை, பையன்களின் வாய். இவை ஒவ்வொன்றையும் சரிசெய்ய முடியும். அதைச் செய்யாமல் பிள்ளையை மட்டும் திடலைவிட்டு வெளியே எடுத்தால், குறை உன் உடம்பில்தான் என்று அவளிடம் நாமே சொன்னதாக ஆகிவிடும்.

இந்த வயதில் விலகுவதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. பெரியவர்களான பிறகு எலும்பில் இருக்கும் சத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, வளர்ச்சி வேகமாக இருக்கும் இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது. பெண்பிள்ளைகளுக்கு அந்தக் காலம் சுமார் 12 வயதை ஒட்டி, பூப்பெய்தும் சமயத்தில் வருகிறது. பையன்களுக்கு அதைவிட ஒன்றரை ஆண்டு தள்ளி வரும். பால், நெத்திலி, கீரை மட்டும் போதாது. குதிப்பதும் ஓடுவதும் எலும்பில் ஏற்படுத்தும் தாக்கமும் சேர்ந்தால்தான் அந்தச் சுண்ணாம்பு சரியாகப் பதியும். உங்கள் மகள் அந்தக் காலத்தில்தான் இருக்கிறாள். விட்ட வருடத்தை இருபது வயதில் ஈடுகட்டுவது கடினம்.

மாமியாருக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம், மரியாதையோடு. கர்ப்பப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள், தசைநார்களும் கீழ்த்தளத் தசைகளும் தாங்கிப் பிடிக்க உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகள் ஓடிக் குதிப்பதால் அது இறங்குவதில்லை. கர்ப்பப்பை இறக்கம் பெரும்பாலும் பல பிரசவங்களுக்குப் பிறகும், வயதாகித் தசைகள் தளர்ந்த பிறகும் வருவது. மாமியார் பயப்பட்டதில் தப்பில்லை, ஒரு காலத்தில் ஐரோப்பிய மருத்துவர்களே இப்படித்தான் பேசினார்கள். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். பெண் உடம்பு இதைத் தாங்காது என்று சொல்லி அந்த ஓட்டத்தையே நீக்கினார்கள். அது திரும்பி வந்தது 1960-இல், ரோமில். அதற்கு ஆறு ஆண்டு கழித்து, பேங்காக் ஆசிய விளையாட்டில் பெண்கள் 400 மீட்டரில் மலேசியாவுக்குத் தங்கம் வாங்கியவர் நம் எம். ராஜாமணி. மாமியார் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். சொல்லிப் பாருங்கள்.

இனி, பையன்கள் சிரித்த விஷயம். கேலியைப் பள்ளி நிறுத்த வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் ஓடும்போது அவளுக்கு வலிக்கிறதா என்று இதுவரை யாராவது கேட்டீர்களா? மார்பகத்துக்குள் தசை கிடையாது. கொழுப்பும் சுரப்பியும், அவற்றைத் தாங்க மெல்லிய நார்களும் தோலும்தான். ஓடும்போது அது மேலும் கீழும் மட்டும் அசைவதில்லை. பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் அசையும். அதை மறைக்கப் பிள்ளைகள் தோளைக் குறுக்கி, முழங்கையை விலாவோடு ஒட்டி, அடியைச் சுருக்கி ஓடுவார்கள். கை வீசாமல் ஓடினால் மூச்சு சீக்கிரம் வாங்கும். குறுக்கோட்டத்தில் முதல் பத்தில் வந்தவள் இப்போது கடைசியில் வருகிறாள் என்றால், காரணம் பெரும்பாலும் இதுதான். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தார் 11 முதல் 18 வயது வரையுள்ள 2,089 மாணவிகளிடம் கேட்டு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 46 விழுக்காட்டினர் மார்பகத்தால் உடற்கல்வியில் கலந்துகொள்வது பாதிக்கப்படுகிறது என்றார்கள். உங்கள் மகள் தனி ஆள் இல்லை.

ஆகவே முதல் செலவு ஸ்போர்ட்ஸ் பிராவுக்கு. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கண்ணால் அளந்து வாங்கி வராதீர்கள், மகளை அழைத்துப்போங்கள். வீட்டிலேயே தையல் டேப்பால் இரண்டு அளவு எடுங்கள். ஒன்று, மார்பகத்துக்குக் கீழே, மூச்சை வெளியே விட்ட நிலையில், டேப் முதுகிலும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி. இன்னொன்று, மார்பின் நடுவில், இறுக்காமல். கீழே 70, மேலே 84 என்று வந்தால் வித்தியாசம் 14 செ.மீ. அது ஏ கப்புக்கும் பி கப்புக்கும் எல்லை, இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். எஸ், எம், எல் என்று மட்டும் எழுதியிருக்கும் பிராவில் கீழ்ச்சுற்று அளவைப் பார்த்தே தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் தாங்கும் வேலையில் பெரும்பகுதி கீழே சுற்றிவரும் பட்டைக்குத்தான், தோள்பட்டை வாருக்கு இல்லை.

அளவு சரியா என்று போட்டுப் பார்க்கும் அறையிலேயே தெரிந்துவிடும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது விரல் நுழையக்கூடாது. கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது பட்டை மேலே ஏறினால் அது பெரியது. அக்குள் பக்கம் சதை பிதுங்கினால் கப் சிறியது. துணி சுருங்கி நின்றால் கப் பெரியது. பிறகு பத்துத் தடவை குதிக்கச் சொல்லுங்கள், நின்ற இடத்திலேயே இருபது விநாடி ஓடச் சொல்லுங்கள். வலிக்கிறதா, மூச்சு முட்டுகிறதா என்று அவளைத்தான் கேட்க வேண்டும். ஏ, பி அளவுக்கு இழுத்துப் பிடிக்கும் வகை போதும். அதற்கு மேல் என்றால் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகத் தாங்கும் வகை நல்லது. சாதாரண பிரா இரண்டை ஒன்றின்மேல் ஒன்று போடுவது சில வீடுகளில் வழக்கம். அதில் விலா இறுகி மூச்சுதான் அடைபடும், அசைவு அடங்காது.

இரண்டு வாங்குங்கள். ஒன்று வெள்ளைச் சட்டைக்குள் தெரியாத தோல் நிறத்தில் இருக்கட்டும். நனைந்த வெள்ளை டிஷர்ட்டுக்குள் வெள்ளை பிரா பளிச்சென்று தெரியும். வெந்நீரும் டிரையரும் துணி மென்மையாக்கும் திரவமும் எலாஸ்டிக்கைக் கெடுக்கும். கையால் அலசி நிழலில் உலர்த்துங்கள். வளரும் பிள்ளை, நான்கு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அளக்க வேண்டும்.

உடை மாற்றும் இடம் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம் ஊரில் பல பிள்ளைகள் வகுப்பைத் தவிர்ப்பதற்கு ஈரத்தரையும் தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறையும் ஒரு காரணம். உடற்கல்வி நாளில் டிராக்சூட்டிலேயே வர அனுமதி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஸ்போர்ட்ஸ் பிராவையும் முட்டிவரை வரும் இறுக்கமான கறுப்புக் காற்சட்டையையும் காலையிலேயே உள்ளே போட்டு அனுப்புங்கள். பினாஃபோரை (பள்ளிச் சீருடைக் கவுனை) கழற்றுவதற்கு முன் டிராக் பாட்டத்தைக் காலில் ஏற்றி இடுப்புவரை இழுத்துவிட வேண்டும். அதன் பிறகு பினாஃபோர். ஒரு நிமிட வேலை, எதுவும் தரையில் படாது. மலாய்த் தோழிகள் நீளக் கை டிஷர்ட்டில் ஓடுகிறார்கள் அல்லவா? இவளுக்கும் அதுதான் வசதி என்றால் போட்டுக்கொள்ளட்டும். பருத்தி நனைந்தால் ஒட்டும். ஜெர்சித் துணி சீக்கிரம் காயும். வகுப்பு முடிந்ததும் வியர்த்த பிராவை மாற்றிவிட வேண்டும். நம் வெயிலிலும் புழுக்கத்திலும் மார்புக்கடியில் ஈரம் தங்கினால் படை வரும்.

மாதவிடாய் வலிக்கு வருவோம். முதல் மாதங்களில் வலிக்காமல் இப்போது வலிப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் கருமுட்டை வெளிவராமலேயே உதிரப்போக்கு வரும். ஆறு மாதம், ஒரு வருடம் போல் ஆன பிறகு கருமுட்டை வெளிவரத் தொடங்கும்போதுதான் வலியும் தொடங்கும். கர்ப்பப்பையின் உட்சுவரில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் அந்தத் தசையை இறுக்கிப் பிடிக்கிறது, கெண்டைக்கால் பிடிப்பு மாதிரி. இபுபுரோஃபென், மெஃபனாமிக் அமிலம் (நீங்கள் போன்ஸ்டன் என்று வாங்குவது) இரண்டும் அந்தச் சுரப்பையே குறைப்பவை. அதனால்தான் வலி உச்சத்துக்குப் போன பிறகு போட்டால் அரைகுறையாக வேலை செய்கின்றன. உதிரம் தொடங்கியதும், அல்லது வலி எட்டிப் பார்த்ததும், சாப்பிட்ட பிறகு போட வேண்டும். அளவை மருந்தாளர் அவள் எடையைப் பார்த்துச் சொல்வார்; ஆஸ்துமா, வயிற்றுப்புண் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இன்னொன்று: காய்ச்சலும் சேர்ந்து இருந்தால் இந்த மாத்திரைகளைத் தொடவே வேண்டாம். நம் ஊரில் அது டெங்கியாக இருக்கலாம், ரத்தக்கசிவு அதிகமாகும். அப்போது பாரசிட்டமால் மட்டும்தான், பிறகு கிளினிக்.

அடிவயிற்றில் வெதுவெதுப்பான ஒத்தடமும் நன்றாக வேலை செய்யும். வாரத்தில் மூன்று நாள், 45 முதல் 60 நிமிடம் உடற்பயிற்சி செய்யும் பெண்களுக்கு நாளடைவில் இந்த வலி குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்காக முதல் நாளிலேயே 100 மீட்டர் ஓடு என்று விரட்டச் சொல்லவில்லை. அந்த நாளில் நடை, நீட்டல் பயிற்சி, பந்து எறிந்து பிடிப்பது, மதிப்பெண் குறிப்பது எல்லாம் செய்யலாம். ஆசிரியரிடம் 'செங்குகுட்' (மாதவிடாய் வலிக்கு மலாய்ச் சொல்) என்ற ஒரு சொல் போதும், ஆணோ பெண்ணோ எல்லா ஆசிரியருக்கும் புரியும். அதற்கு மேல் நிரூபிக்கச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது. மாணவிகளிடம் மாதவிடாயைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் சில பள்ளிகளில் இருந்ததைப் பற்றி 2021-இல் மலேசியாவே பேசியது. உங்கள் பிள்ளையிடம் அப்படி ஒரு கேள்வி வந்தால் அன்றே முதல்வரிடம் போங்கள்.

சானிட்டரி பேடை உடற்கல்விக்கு முந்திய பாட இடைவேளையில் மாற்றிவிட வேண்டும். மற்ற நேரம் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. சிறகு உள்ளதாக வாங்குங்கள். மேலே அந்த இறுக்கமான காற்சட்டை இருந்தால் ஓடும்போது நகராது, தொடையும் உரசிப் புண்ணாகாது. பையில் ஒரு சின்ன ஜிப் பை: இரண்டு பேட், ஒரு உள்ளாடை, ஒரு பிளாஸ்டிக் பை, சுற்றிப்போடப் பழைய நாளிதழ்த் தாள்.

இரண்டு மணி நேரத்துக்குள் பேட் முழுதாக நனைகிறதா, ஏழு நாளுக்கு மேல் போகிறதா, 50 சென் காசைவிடப் பெரிய கட்டிகள் வருகின்றனவா என்று ஒரு மாதம் கவனியுங்கள். படியேறினால் மூச்சு வாங்குகிறதா, உள் இமை வெளுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இதில் எது இருந்தாலும் ரத்தப் பரிசோதனை தேவை. இந்த வயதில் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. சைவச் சாப்பாட்டு வீடு என்றால் இன்னும் கவனம். சாப்பிட்ட கையோடு தே தாரிக் (பால் தேநீர்) குடிப்பது இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும், பருப்பு கீரையோடு எலுமிச்சையோ கொய்யாவோ சேரட்டும். ரத்தசோகையோடு ஓடச் சொன்னால் பிள்ளை களைத்து விழத்தான் செய்வாள். அதைச் சோம்பல் என்று திட்டுகிறோம்.

'குண்டு' என்ற பெயரைக் கணக்கால் அழிக்கலாம். 49 கிலோவை 1.5 மீட்டரின் வர்க்கத்தால், அதாவது 2.25-ஆல், வகுத்தால் 21.8. பெரியவர்களுக்கான அட்டவணை பிள்ளைகளுக்குப் பொருந்தாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் 13 வயது நிறைந்த பெண்பிள்ளைக்கு நடுப்புள்ளி 18.7, 21.8-ஐத் தாண்டினால்தான் அதிக எடை, 26.2-ஐத் தாண்டினால் உடற்பருமன். வயது ஒவ்வொரு மாதம் கூடும்போதும் அந்த எல்லை சிறிது மேலே போகும். உங்கள் மகள் எல்லையை ஒட்டி இருக்கிறாள், தாண்டவில்லை. பூப்பை ஒட்டி இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்வது இயற்கையின் ஏற்பாடு. இனிப்புத் தண்ணீரைக் குறையுங்கள், பட்டினி போடாதீர்கள். எடையை உரக்க வாசிப்பது சோதனையின் பகுதி கிடையாது. திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராக நிறுத்தி, எண்ணைத் தாளில் மட்டும் எழுதலாம், பெண்பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை அதைப் பார்க்கலாம். என் கருத்து இது: அளப்பது தனித்தனியாக, விளையாடுவது ஒன்றாக. 13 வயதில் திறமைப்படி கலந்து குழு பிரித்தால் பூப்பந்தும் கைப்பந்தும் எல்லாருக்கும் சுவையாக இருக்கும். மோதி விளையாடும் ஆட்டங்களை மட்டும் உடல் அளவு பார்த்துப் பிரிக்க வேண்டும்.

முட்டி ஊன்றிய தண்டால் விஷயத்தில் மகளின் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது. பூப்புக்கு முன் பையனுக்கும் பெண்ணுக்கும் கை பலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு பையன்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறித் தோளும் மார்பும் பருக்கும்போதுதான் இடைவெளி விரிகிறது. செகாக்கில் பெண்களுக்கு முட்டி ஊன்றும் முறை இருப்பது அந்தச் சராசரியை வைத்துத்தான். பெண்ணால் முழுத் தண்டால் எடுக்கவே முடியாது என்று அதற்கு அர்த்தம் இல்லை. முழுத் தண்டாலில் உடல் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கையில் இறங்கும், உங்கள் மகளுக்கு 32 கிலோ போல. முட்டி ஊன்றினால் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

அவளுக்கு ஆசை இருந்தால் வீட்டிலேயே ஏறலாம். முதலில் சமையலறை மேடையில் கையூன்றி, உடம்பு பலகை மாதிரி நேராக, எட்டு எட்டாக மூன்று முறை, வாரத்தில் மூன்று நாள். மூன்று முறையும் பத்து சுத்தமாக வந்தால் நாற்காலி உயரத்துக்கு இறங்கட்டும், பிறகு ஒரு படிக்கட்டு உயரம், பிறகு தரை. இதில் முட்டி ஊன்றுவதே இல்லை. இடுப்பும் வயிறும் முதல் நாளிலிருந்தே வேலை செய்யும். முழங்கை இரண்டு பக்கமும் சிறகு மாதிரி விரிந்தால் தோள் வலிக்கும். உடம்பிலிருந்து 45 பாகை அளவு போதும். இடுப்பு தொங்கினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு முந்திய உயரத்துக்குத் திரும்ப வேண்டும். சில மாதம் பிடிக்கும்.

அதோடு குதித்து இறங்கவும் பழக வேண்டும். பூப்புக்குப் பிறகு முழங்கால் நார் கிழியும் ஆபத்து பெண்களுக்குப் பையன்களைவிடப் பல மடங்கு அதிகம். வலைப்பந்தில் பந்தைப் பிடித்து ஒற்றைக் காலில் இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடிவதுதான் வழக்கமான காரணம். கண்ணாடி முன் நின்று மெல்லக் குதித்து, முட்டி கால்விரலுக்கு நேராக மடிகிறதா, சத்தமில்லாமல் இறங்குகிறாளா என்று பார்த்துப் பழகினால் போதும்.

சிரிக்கும் பையன்களும் இதே வயதில் அல்லாடுகிறார்கள் என்பதை மகளுக்குச் சொல்லுங்கள். பருவ வயதில் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மார்புக் காம்புக்கடியில் கட்டி மாதிரி வீங்கி, ஒன்றிரண்டு ஆண்டில் தானாக அடங்கும். அதற்காகவே டிஷர்ட்டைக் கழற்றாத, நீச்சலுக்கு வராத பையன்கள் உண்டு. இன்னும் வளராத பையன் வரிசையில் கடைசியில் நின்று குறுகிப்போகிறான். இதைச் சொல்வது கேலியை மன்னிக்க அல்ல. சுகாதாரப் பாடத்தில் இரண்டு பக்கத்துக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தால் சிரிப்புக்கு வேலை குறையும்.

பள்ளிக்குக் கடிதம் எழுதுங்கள், அழுகையும் குற்றச்சாட்டும் இல்லாமல் மலாயில் நான்கு வேண்டுகோள்: எடையைத் தனியாகப் பாருங்கள்; மாதவிடாய் நாளில் இலேசான வேலை கொடுங்கள்; உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை கொடுங்கள்; உடம்பைப் பற்றிய கேலியை ஆசிரியர் அந்த இடத்திலேயே நிறுத்தட்டும். வகுப்பாசிரியருக்கும் ஆலோசக ஆசிரியருக்கும் ஒரு பிரதி. ஆசிரியர் ஆண் என்பதே குறையாகாது. ஜிம்னாஸ்டிக்கில் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தால், எங்கே பிடிக்கப்போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்வதும், அந்த வேலையைத் தோழி ஒருத்தியிடம் கொடுப்பதும் நல்ல ஆசிரியருக்குத் தெரிந்த முறை. பெரியவர் யாராவது பிள்ளையின் உடம்பைப் பற்றி ஆபாசமாகப் பேசினாலோ தேவையில்லாமல் தொட்டாலோ அது கடிதத்தோடு நிற்கும் விஷயம் இல்லை. சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017 தொடாமல் செய்யும் குற்றத்தையும் தண்டிக்கிறது. போலீஸுக்கும் போகலாம், தாலியான் காசிஹ் உதவித் தொலைபேசி 15999 எண்ணுக்கும் அழைக்கலாம்.

எம்.சி. எப்போது வாங்கலாம்? காய்ச்சல், சுளுக்கு, கட்டுக்குள் வராத ஆஸ்துமா, ஹீமோகுளோபின் குறைவு, மாத்திரை போட்டும் அடங்காத வலி. அப்போதும் எத்தனை நாள், எந்தப் பயிற்சி கூடாது, எது செய்யலாம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். மாத்திரை போட்டும் மூன்று மாதம் தொடர்ந்து பள்ளிக்குப் போக முடியாத வலி இருந்தால், அல்லது மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமலே இருந்தால், மகளிர் நோய் மருத்துவரைப் பாருங்கள்.

இந்தச் சனிக்கிழமை டேப்பை எடுத்து அளந்துவிட்டு, இருவருமாகக் கடைக்குப் போய் வாருங்கள். புதிய பிராவோடு பக்கத்துத் திடலில் அவள் விருப்பப்பட்ட வேகத்தில் இரண்டு சுற்று ஓடிப் பார்க்கட்டும். கை வீசி ஓடுகிறாளா என்று பாருங்கள்.